ரயிலில் வந்த வீடு

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து தூறல். கல்கத்தாவில், கரியாஹாட் ஆபீஸில் ஏசி மறுபடியும் ஒழுகுகிறது. அடியில் வாளி. பழைய கட்டடங்களின் ஒழுக்கை நிறுத்த ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற ஆபீஸ் இது.

பாரம்பரியக் கட்டடக் குழுவிலிருந்து கடிதம். பெஹாலாவில் பிரியநாத் ஷோமின் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கச் சொல்லி மனு வந்திருக்கிறதாம். ஷோம் யார், என்னென்ன கட்டினார், இந்த வீட்டுக்கு மதிப்பு உண்டா? இரண்டு பக்கத்தில் என் கருத்து வேண்டும், மாதக் கடைசிக்குள்.

மனுவில் முதல் கையெழுத்து தேபு. கல்லூரியில் என் வகுப்பு. இப்போது கட்டடக்கலை வாத்தியார். போன் செய்து, "கோமதி, உன்னை விட்டா அந்த மனுஷனைப் பத்தி எழுத ஆளே இல்ல. நல்லா எழுது" என்றான். கெஞ்சலா கட்டளையா தெரியவில்லை.

மாலை நியூ டவுன் வீட்டுக்குத் திரும்ப இரண்டு கேப் ரத்து. பஸ். செருப்பு வார் அறுந்தது.

ஜூலை 5, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஷோம் பற்றித் தெரிந்தது, வரிசையாக:

— ரங்பூர் பக்கம், இன்று வங்கதேசம். அப்பா கோர்ட் குமாஸ்தா. கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வரைபடம் நகலெடுக்கும் வேலை. பட்டம் கிடையாது.

— பிறகு சில வருஷம் பூட்டான் அடிவாரத்தில், தேயிலைத் தோட்ட பங்களாக்கள். மரம், தகரம், ஈரம், கரையான் எல்லாம் அங்கே கற்றது.

— ரங்பூரில் சொந்த ஆபீஸ். கோர்ட், பெண்கள் பள்ளி, மருந்தகம், ஜமீன்தார் ஒருவருக்கு நாடகக் கொட்டகை, படகுத்துறைக் கூடங்கள்.

— செங்கல்லில் கட்டிய முதல் பள்ளியை டீஸ்டா ஆறு கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஆற்றோரத்தில் அவர் செங்கல்லே தொடவில்லை. சால் மரச் சட்டம். ஆணி கிடையாது, எல்லாம் போல்ட். ஆறு நெருங்கினால் கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி, உள்ளே தள்ளி மறுபடி நிறுத்தலாம். வடக்கே, எல்லைக்கு இந்தப் பக்கம் கூச் பிஹாரில் நான் அளந்த படகுத்துறைக் கூடம் அப்படிப் பலமுறை இடம் மாறியது என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள்.

— பிரிவினை. கட்டடங்களில் பெரும்பாலானவை கோட்டுக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். அதன் பிறகு ஒன்றும் கட்டவில்லை.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் போய்விட்டவர். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் இங்கே என்ன செய்தார் என்று தெரியாது. இரண்டு ஊர்ப் புத்தகத்திலும் பெயர் இல்லை.

இவர், என் வீட்டுக்காரர், பேப்பரை மடித்துக்கொண்டே: "அந்த மனுசன் வேலைய இப்படி உக்காந்து எழுதுதியே. ஒன் வேலைய நாளைக்கு யாரு எழுதுவா?"

"நீங்க எழுதுங்க."

"எனக்கு பாலன்ஸ் ஷீட்டுதான் எழுத வரும்." பேங்கிலிருந்து ஓய்வு பெற்றும் புத்தி மாறவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பெஹாலா. புழுக்கம். குறுகிய சந்து, இரண்டு பக்கமும் புது அடுக்குமாடிகள், நடுவில் அந்த வீடு. கீழே சாதாரணச் செங்கல். மேலே மரத்தில் ஒரு மாடி, செங்குத்தான தகரக் கூரை. வேறு ஊரிலிருந்து வந்து உட்கார்ந்த மாதிரி.

வீட்டில் இருப்பது மீராதி, ஷோமின் மகள் வயிற்றுப் பேத்தி. எண்பதை நெருங்குகிறார். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துணைக்கு மாலதி என்ற பெண். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு மீராதி மாடி ஏறுவதில்லை. கட்டில், புத்தகம், பூஜை எல்லாம் கீழே முன்னறையில்.

டீயும் மொறுமொறு பிஸ்கட்டும். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ காப்பாத்த வந்தவளா, இடிக்க வந்தவளா?"

"பார்க்க வந்தேன், மீராதி."

"எல்லாரும் பார்க்கத்தான் வர்றாங்க. வாசல்ல நின்னு போட்டோ எடுக்கிறாங்க. மழை பெஞ்சா ஒருத்தரும் வர்றதில்ல. புரமோட்டர் லிப்ட் வச்ச பிளாட் தரேங்கிறான். மூணாவது மாடி. எனக்கு அது வேணும். இதுல தப்பு என்ன?"

தப்பு ஒன்றுமில்லை என்றேன். அப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போல. இன்னொரு பிஸ்கட் எடுத்து வைத்தார்.

பிறகு சாதாரணமாக, மாலதியைப் பார்த்து மின்விசிறியைக் கூட்டச் சொன்ன அதே குரலில்: "மேல இருக்கிறது தாதுவோட ரங்பூர் வீடு. கோடு போட்ட பிறகு வந்த குளிர்காலத்துல கழட்டி, ரயில் வேகன்ல போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு ஒரு வயசு. அதே ரயில்ல அம்மா மடியில நானும்."

'தாது' என்றுதான் தாத்தாவை இங்கே எல்லோரும் சொல்வார்கள்; அக்காவை 'தீதி', பெயரோடு சேர்த்தால் வெறும் 'தி'.

மாடிக்குப் போனேன். புறா எச்சம், உடைந்த நாற்காலிகள். உத்தரமும் தூணும் சேரும் இடத்தில் கையால் தூசி தட்டினேன். உளியால் செதுக்கிய வங்காள எண். உத்தரத்தில் ஏழு, தூணிலும் ஏழு. பக்கத்தில் எட்டு, எட்டு. எல்லா மூட்டிலும் இப்படியே. சதுரத் தலை போல்ட்கள், துருவேறி. படகுத்துறைக் கூடத்தில் பார்த்த அதே வேலை.

டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். ஓசை கேட்டு மாலதி, "விழுந்துட்டீங்களா தீதி?" என்று கீழிருந்து கத்தினாள்.

இத்தனை வருஷம், பிரிவினைக்குப் பிறகு அவர் ஒன்றும் கட்டவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். கட்டியிருக்கிறார், முன்பே கட்டியதை.

ஜூலை 10, வியாழன்

தேபு ஆபீஸ் வந்தான். எண்களின் படங்களைக் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"முடிஞ்சுது! இதைவிட என்ன வேணும்? எல்லையைத் தாண்டி வந்த வீடு. ஒரு செங்கல்லைத் தொடவிட மாட்டேன்."

"செங்கல் அவரோடது இல்லை தேபு. மேல் மாடிதான் அவரோடது. அது கழற்றுகிற மாதிரி செஞ்சது. மறுபடி கழற்றலாம்."

"கழற்றி?"

"வேற எங்கயாவது நிறுத்தலாம்."

"எங்க? யாரு? ஒருதரம் கழற்றினா அது விறகு. முதல்ல ஒரு கோடவுன், அப்புறம் மழை, அப்புறம் யாரோ ஒருத்தன் அடுப்புக்கு எடுத்துட்டுப் போவான். நாம ரெண்டு பேரும் எத்தனை பார்த்திருக்கோம்!"

உண்மை. பார்த்திருக்கிறோம். கழற்றி வைத்து விறகாகிப்போன வடக்குக் கல்கத்தா ஜன்னல்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

"மீராதி?" என்று கேட்டேன்.

"கீழ ஒரு நல்ல பாத்ரூம் கட்டிக் கொடுப்போம். சந்தா சேர்ப்போம்." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

மதியம் சாப்பிடவில்லை. எலுமிச்சை சாதம் டப்பாவிலேயே.

ஜூலை 13, ஞாயிறு

மேகம். துணி காயவில்லை.

ரங்பூரில் ரஃபிக் சார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நேரில் பார்த்ததே இல்லை, ஆனாலும் என்னை 'ஆபா', அக்கா, என்பார். ஷோமின் கட்டடங்கள் அந்தப் பக்கம் என்ன நிலையில் இருக்கின்றன என்று சில வருஷமாகப் படம் அனுப்பிக்கொண்டிருப்பவர். ஷோமின் சொந்த வீடு எங்கே இருந்தது என்று முந்தாநாள் கேட்டிருந்தேன். இன்று வீடியோ.

வாழைத்தோப்பு. நடுவே புல்லில் குட்டையாகச் செங்கல் கால்கள், வரிசை வரிசையாக. மரவீட்டைத் தாங்கிய கால்கள். வீடு இல்லை. ஒன்றின் மேல் ஒரு ஆடு. இன்னொன்றின் மேல் யாரோ மஞ்சள் காயப்போட்டிருக்கிறார்கள். ரஃபிக் சார் குரல்: "இந்த இடத்துக்கு இன்னும் ஷோம் வீடுன்னுதான் பேரு, ஆபா. ரிக்‌ஷாக்காரங்கிட்ட சொன்னா இறக்கி விடுவான். வீடு எங்கன்னு யாரும் கேட்கிறதில்ல."

மூன்று தடவை பார்த்தேன். மகளுக்குக் காட்டினேன். "வாவ்" என்று சொல்லிவிட்டு வங்காளத்தில் சிநேகிதியோடு பேசப் போய்விட்டாள்.

ஜூலை 16, புதன்

நேற்று இரவிலிருந்து கொட்டுகிறது. காலையில் மாலதி போன். "தீதி, தண்ணி உள்ள வந்துடுச்சு. என்னால தனியா தூக்க முடியல."

என்னை எதற்குக் கூப்பிட்டாள்? அவள் போனில் என் நம்பர்தான் மேலே இருந்ததாம், அவ்வளவுதான்.

இவர், "நானும் வாரேன், நில்லு" என்று பேண்ட்டை மடித்துக்கொண்டு கிளம்பினார். பெஹாலாவில் முழங்கால் அளவு. கேப்காரர் சந்து முனையில் இறக்கிவிட்டார்.

முன்னறையில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொடுகிறது. மீராதி கட்டில் நடுவில் காலை மடக்கி, மடியில் பழைய அட்லஸ், மருந்துப் பை. முகத்தில் பயம் இல்லை. அவமானம். இரவு முழுக்க பாத்ரூம் போகவில்லை. போக வழியில்லை.

மாடியில் துளி ஈரம் இல்லை. ஷோமின் தகரக் கூரை, பக்கச்சரிவு, எல்லாம் இன்றும் கச்சிதம். தலைக்கு மேலே உலர்ந்த ஒரு முழு வீடு, மீராதி கீழே தண்ணீரில்.

நாற்காலியில் உட்கார வைத்து மூன்று பேரும் தூக்கினோம். படி குறுகல், திருப்பத்தில் நாற்காலி திரும்பவில்லை. மீராதி வலியில் ஒரு சத்தம் போட்டார். அப்புறம், "தாது குள்ளம். அவர் அளவுக்குப் படி வச்சுட்டார்" என்றார். இவருக்கு வங்காளம் அரைகுறை, ஆனாலும் சிரித்துவிட்டார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் மீராதி சுற்றிப் பார்த்தார். ஆறேழு வருஷமாகப் பார்க்காத அறை.  புறா எச்சத்தைக் காட்டி மாலதியைத் திட்டினார்.

தண்ணீர் வடியும்வரை இருந்தோம். போனில் ரஃபிக் சாரின் வீடியோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துல இருந்து யார் வந்தாலும் தாது ஒண்ணே ஒண்ணுதான் கேட்பார். கோர்ட் கூரை ஒழுகுதா, இஸ்கூல் கூரை ஒழுகுதான்னு. ஆளுங்க எப்படி இருக்காங்கன்னு கேட்க மாட்டார். பாட்டிக்கு அதுல கோபம்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆடு நல்லா கொழுத்திருக்கு."

திரும்பும்போது இவர்: "அந்தம்மாவ அங்க வச்சுப் பூட்டுத கையெழுத்த நீ போடாத, கோமதி."

 போடுவதில்லை என்று படியில் தூக்கும்போதே முடிவாகிவிட்டது.

ஜூலை 21, திங்கள்

கூச் பிஹார் படகுத்துறைக் கூடத்துக்குப் பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியை பிரதிமா பர்மன் கல்கத்தா வந்திருந்தார், கல்வி அலுவலகத்தில் வேலை. ஆற்றோரக் கிராமம், எல்லை வேலி கண்ணுக்குத் தெரியும். வைகாசிப் புயலில் பள்ளிக்கூடத்தின் கூடம் பறந்துபோய்விட்டது. தார்ப்பாயின் கீழ் வகுப்பு. மர மாடியைப் பள்ளிக்குத் தரலாம் என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

வரைபடத்தை விரித்தேன். ஷோமின் கதையெல்லாம் சொன்னேன். மரியாதைக்குக் கேட்டார். பிறகு:

"பிள்ளைங்க எத்தனை பேர் உட்காரலாம்?"

சொன்னேன்.

"தரையில இருந்து எவ்வளவு உயரத்துல நிறுத்துவீங்க? எங்களுக்குத் தண்ணி வரும்."

"நீங்க சொல்ற உயரத்துல."

"ஆறு இன்னும் கிட்ட வந்தா?"

"மறுபடி கழற்றலாம். அதுக்குத்தான் அப்படிச் செஞ்சிருக்கார்."

பேனாவை மூடினார். "கமிட்டில பேசுறேன். மரம் எங்க ஆளுங்க பார்த்துப்பாங்க. போல்ட் மட்டும் நீங்க."

இத்தனை வருஷத்தில் ஷோமின் வேலையைப் பற்றி இவ்வளவு சரியான கேள்விகள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

கருத்துரையை எழுதி முடித்தேன். ஒரு பக்கம் அவர் தொழில். ஒரு பக்கம் யோசனை: கீழ்ச் செங்கல்லுக்குப் பாதுகாப்பு வேண்டாம், மர மாடியை அளந்து, எண்ணிட்டு, கழற்றி, பள்ளிக்குக் கொடுக்கலாம், அதுவரை இடிக்க அனுமதி கூடாது. தேபுவுக்கு முதலில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

குழுக் கூட்டம். வெயில். மீராதி சக்கர நாற்காலியில், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. புரமோட்டர் பின் வரிசையில், நல்ல பிள்ளையாக. தேபு எனக்கு நேர் எதிரே.

தேபு நன்றாகப் பேசினான். என்னைவிட நன்றாக. பாரம்பரியம் என்பது பொருள் மட்டுமல்ல, அது நிற்கும் இடமும்தான். இடத்தை மாற்றினால் அது காட்சிப்பொருள் என்றான். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

என் முறை.  "இந்த வீடு இந்த இடத்தில் பிறக்கவில்லை. ஷோமின் தொழில் முழுக்க ஒரே காரியம்தான்: நிலம் நிலையில்லாத ஊரில் கட்டடத்தை எப்படிக் காப்பாற்றுவது. அதை இங்கே அசையாமல் நிறுத்தினால் மரத்தைக் காப்பாற்றுவோம், அவர் வேலையை விட்டுவிடுவோம்." உட்கார்ந்துவிட்டேன். இன்னும் சொல்ல நினைத்தது நிறைய, மறந்துபோயிற்று.

தலைவர் மீராதியைக் கேட்டார், உங்கள் விருப்பம் என்ன என்று.

"தாது இதைக் கழட்டினபோதும் இங்க நிறுத்தினபோதும் வீட்டுல ஒருத்தரையும் கேட்கல. பாட்டி அழுதாங்களாம். என்னை நீங்க கேட்டீங்க, அதுக்கு நன்றி. எனக்கு லிப்ட் வேணும். அந்தப் பிள்ளைங்களுக்குக் கூரை வேணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பின்னால் புரமோட்டர் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

முடிவு: என் யோசனைப்படி. மழைக்காலம் முடிந்த பின் கழற்றலாம், முழுப் பொறுப்பு என்னுடையது. ஏதாவது காணாமல் போனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெளியே தேபு பக்கத்தில் நடந்து போனான். "விறகாச்சுன்னா உன்னை மன்னிக்க மாட்டேன்" என்றான்.

"நானும்."

நவம்பர் 18, செவ்வாய்

நல்ல வெயில், லேசான குளிர். கழற்றும் வேலை ஆரம்பம். மீராதி போன வாரமே சந்தின் மறுமுனையில் வாடகை பிளாட்டுக்குப் போய்விட்டார், புரமோட்டர் ஏற்பாடு. லிப்ட் உண்டு.

கூச் பிஹாரிலிருந்து பள்ளி அனுப்பிய தச்சர்கள் நாலு பேர். தகரம் முதலில். சுலபம். போல்ட்கள் சுலபம் இல்லை. பாதி, துருவோடு மரத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. வடக்குப் பக்கத் தூண்களில் கரையான், உள்ளே வெறும் மாவு. விரல் உள்ளே போகிறது. மேலே வண்ணம் அப்படியே. அளந்தபோது நான் தட்டிப் பார்த்தேன், கவனிக்கவில்லை. 

மதியம் தேபு வந்து நின்றான். கையில் துரு இளக்கும் எண்ணெய் டப்பாக்கள், ஒரு பை நிறைய.  சட்டைக் கையை மடித்தான். மாலைவரை ஏணியில்.

"எட்டு வருது, பிடி" என்றான் ஒரு தடவை. எட்டாம் எண் உத்தரம். பிடித்தேன்.

நவம்பர் 22, சனி

முடிந்தது. கணக்கு: வடக்குச் சுவர் முழுக்கப் போனது. மற்ற மூன்று பக்கமும் கூரைச் சட்டமும் நல்லது. பிரதிமாவுக்குப் போன் செய்தேன், ஒரு பக்கம் புது மரம் வேண்டும் என்று. "இருக்கட்டும். அந்தப் பக்கம் மூங்கில் தட்டி வச்சுக்கிறோம், காத்து வரும்" என்றார். இரவெல்லாம் எதற்குப் புரண்டேன்?

மீராதி பார்க்க வரவில்லை. மாலதியை அனுப்பினார், தச்சர்களுக்கு ரசகுல்லாவோடு.

பிற்பகல் லாரி கிளம்பியது. சந்தில் திரும்ப முக்கால் மணி நேரம். மின்கம்பி ஒன்று அறுந்து மூன்று வீட்டுக்குக் கரண்ட் இல்லை, திட்டு. மொட்டையாக நின்ற செங்கல் சுவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. தேபு கேப் பிடித்துப் போய்விட்டான். போகும்போது என் தோளில் தட்டினான், துருக் கையோடு. குர்தாவில் கறை.

நவம்பர் 23, ஞாயிறு

காலை மீராதியின் பிளாட். ஜன்னல் வழியே சந்து தெரிகிறது. நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டிருந்தார். லூச்சி என்கிற மைதா பூரி, உருளைக்கிழங்கு. நான் வேண்டாம் என்றும் இரண்டு கூட.

சாப்பிடும்போது லாரி டிரைவர் போன். வழியில் எங்கோ சோதனைச் சாவடி.

"தீதி, போலீஸ் நிறுத்தியிருக்காங்க. காகிதமெல்லாம் காட்டிட்டேன். என்ன லோடுன்னு கேட்டாங்க. வீடுன்னு சொன்னேன். நான் கிண்டல் பண்றேன்னு நினைக்கிறாங்க."

போன் கை மாறியது. தூக்கம் கலையாத ஒரு குரல்.

"இது உண்மையிலேயே வீடா?"

"ஆமாம் சார்."

"யாரோட வீடு?"

ஷோம் என்று வாய் வரை வந்தது. மீராதி தட்டிலிருந்து நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஸ்கூலோடது" என்றேன்.

"அப்ப விடு, போகட்டும்" என்று அந்தக் குரல் அங்கே யாரிடமோ சொல்வது கேட்டது.